காட்டுத்தீ நெருங்கும்போது தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு வீட்டைவிட்டுப் போகலாமா?

வேண்டாம். கலிபோர்னியாவில் தெருவே இப்படிச் செய்தால் குழாயில் அழுத்தம் விழுந்துவிடும். தீயணைப்பு வீரர்களுக்குத் தண்ணீர் கிடைக்காது. ஹோஸை வெளிக்குழாயில் மாட்டி, மூடியே வையுங்கள்.

பெரும்பாலான வீடுகள் எரிவது நெருப்புச் சுவரால் அல்ல, காற்றில் வரும் தீப்பொறியால். ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் அது வந்து கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் கிடக்கும் காய்ந்த இலையைப் பிடிக்கும். அதனால் சுவரையொட்டி 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது: கால்மிதி, மெத்தை வைத்த நாற்காலி, விறகு, மரப்பட்டைத் தூள். பரண் காற்றுத்துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை போதும். பிளாஸ்டிக் வலை உருகிவிடும். இதெல்லாம் கோடையிலேயே முடிக்கவேண்டிய வேலை.

கிளம்பும் நேரத்தில் ஜன்னல், கதவுகளைச் சாத்துங்கள், பூட்டவேண்டாம். மெல்லிய திரைகளைக் கழற்றி, சோபாவை அறை நடுவில் தள்ளுங்கள். கண்ணாடி வழியாக வரும் வெப்பமே துணியைப் பற்றவைக்கும். ஏசியை நிறுத்துங்கள். கேஸை மீட்டரிலேயே மூடிவிடுங்கள், திரும்பத் திறப்பது கேஸ் நிறுவனத்தின் வேலை. புகையில் வீடு தெரிய விளக்குகள் எரியட்டும்.

கராஜ் கதவை மறக்காதீர்கள். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் தூக்க இன்றே பழகுங்கள். நைலான் உடை உருகித் தோலில் ஒட்டும், பருத்தி அணியுங்கள்.

2018-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரத் தீ 85 உயிர்களைக் கொண்டுபோனது. வெளியேறும் சாலைகள் நெரிசலில் அடைபட்டன. எச்சரிக்கைக் கட்டத்திலேயே கிளம்புங்கள், வெளியேறும் உத்தரவுக்குக் காத்திருக்காதீர்கள்.