பழைய காலத்தில் பேராலயப் பாடகர் குழுச் சிறுவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் பாடிய, பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான ஜோசப் ஹைடனையே எடுத்துக்கொள்வோம். 1740 வாக்கில், எட்டு வயதில் சேர்ந்தார். இசைத் தலைவர் ராய்ட்டரின் வீட்டில் மற்றச் சிறுவர்களோடு தங்கல். பாட்டு, வயலின், ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி), கொஞ்சம் லத்தீன் கற்பித்தார்கள். இசையமைப்பு இலக்கணப் பாடம் பெயருக்குத்தான். தினசரி பூசைகளில் பாடிப் பாடியே காது தேறியது. அதுதான் உண்மையான பள்ளி என்பேன்.

சாப்பாடுதான் பெருங்குறை. பிரபுக்கள் வீடுகளில் பாடப் போனால் வயிறு நிறையும் என்பதற்காகவே நன்றாகப் பாடப் பழகினாராம்!

சரி, வளரும் வயதில் சிறுவர் குரல் உடைந்தால்? வேலை போச்சு. 1749 வாக்கில், சக சிறுவனின் பின்னலைக் கத்தரித்த குறும்பைச் சாக்காக வைத்து, பிரம்படியோடு வெளியேற்றினார்கள். அதற்குள் அவருடைய தனிப்பாடல்கள் தம்பி மிக்கேலுக்குப் போய்விட்டிருந்தன.