கொல்லைப்புறத்துப் பவழமல்லி

கேள்வி: சொத்துப் பிரிவினைக்குப் பின் அண்ணன் என்னுடன் பேசுவதில்லை. நீரிழிவு உள்ள அம்மா என்னிடம் இருக்கிறார். விடியற்காலையில் கொல்லையில் வெறுங்காலோடு பவழமல்லி பொறுக்குவதுதான் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அதைத் தடுக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: தடுக்க வேண்டாம், சகோதரி, செருப்பு மட்டும் போடச் சொல்லுங்கள். நீண்ட நாள் நீரிழிவில் பாத நரம்புகள் மரத்துப்போய், முள் தைத்தாலும் தெரியாமல் சிறு புண் பெரிதாகிவிடக்கூடும் என்பதால், தினமும் இரவில் பாதங்களையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். இரவில் மலர்ந்து, விடியலில் ஆரஞ்சுக் காம்போடு தானாக உதிரும் அந்தப் பூக்களை அவர் முந்தானையில் ஏந்தி நிற்பதைப் படமெடுத்து, சொத்துப் பேச்சே இல்லாமல், "அம்மா இன்று நன்றாக இருக்கிறார்" என்ற ஒரே வரியோடு அண்ணனுக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த வாரமும் அனுப்புங்கள்.