இசை வகைகளைக் கலந்து வரும் புதிய ஆல்பத்தை விமர்சகர்கள் முதலில் மட்டம் தட்டுவது ஏன்?

பெரும்பாலும், முந்தைய ஆல்பத்தைக் காதில் வைத்துக்கொண்டே புதியதைக் கேட்பதால்தான்.

ஜோனி மிட்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தாமே எழுதி, மெட்டமைத்துப் பாடும் கனடியக் கலைஞர். ஜாஸ் வாடை வீசிய அவருடைய 1974 ஆல்பம் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' நன்றாக விற்றது, விமர்சகர்களும் கொண்டாடினார்கள். மறு ஆண்டு 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' வந்தது. அதில் 'தி ஜங்கிள் லைன்' பாட்டைக் கேளுங்கள்: ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டு மேளங்களை நேரில் பதிவுசெய்த ஒலி விடாமல் அதிர்கிறது, அடியில் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி உறுமுகிறது, மேலே அவர் குரல் அலட்டிக்கொள்ளாமல் நடக்கிறது. ஒலித்துண்டை வெட்டி ஒட்டிப் பாட்டமைப்பது ஹிப்ஹாப்பில் பிரபலமாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே!

வரிகளை இலக்கியமாக மதித்த ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சனம், இசையில் கனமில்லை என்றது. எனக்கு இது வேடிக்கையாகவே படுகிறது. அந்த ஆல்பத்தில் கனமே இசைதான். பிற்பாடு அமெரிக்க பாப் கலைஞர் பிரின்ஸ் அதை வெளிப்படையாகவே புகழ்ந்தார். இன்று மிட்சலின் சிறந்த படைப்புகளில் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள்.

எல்லாக் கலவையும் இப்படித் தேறிவிடாது. தாளத்தை ஒட்டவைத்த அலங்காரமாக மட்டும் பயன்படுத்தும் ஆல்பங்களும் ஏராளம். அங்கே விமர்சகர் சொன்னதே சரி.