எதிர்வீட்டுக்காரரின் கேள்விகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். இது இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். நானும் மனைவியும் புறநகரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஒரு முனை அடைபட்ட தெரு. இருபது வீடுகள்கூட இருக்காது. இத்தனை நாள் பெருஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் நாங்கள். அந்தத் தெருவின் அமைதியைக் கேட்டதுமே வாங்கிவிடலாம் என்று தோன்றிவிட்டது. எட்டு வயதில் மகள் இருக்கிறாள். அப்பாவும் எங்களோடு வந்துவிடுவார். அவருக்குச் சமீபமாக ஞாபகமறதி.

மூன்று தடவை போய்ப் பார்த்தோம். மூன்று தடவையும் தெருவில் ஆளே இல்லை, எதிர்வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர. என் தயக்கத்துக்குக் காரணமே அவர்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, எங்கே வேலை, எவ்வளவு கடன், அப்பா என்ன உத்தியோகம் பார்த்தார், ஏன் ஒரே குழந்தை என்று கேட்டுத் தள்ளிவிட்டார். மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. நாங்கள் யார் வம்புக்கும் போகாதவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் இவ்வளவு தூரம் போக நினைக்கிறோம். அலுவலகம் போய்வரும் நேரமும் இரண்டு மடங்காகும். கடன் வட்டி, பின்னால் விற்றால் என்ன கிடைக்கும் என்பதிலெல்லாம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வாங்கலாமா, வாடகையிலேயே இருந்துவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

வட்டி, மறுவிற்பனை இரண்டையும் முதலில் ஒதுக்கிவிடுகிறேன். அவற்றுக்குக் கணக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நீங்களே போட்டுவிடலாம். ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றால் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று பொருள். நிறுத்துங்கள்.

நான் பதில் எழுதுவது உங்கள் கடிதத்தின் ஒரே ஒரு வரிக்காக. ‘கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.’ கொஞ்ச நாளாகவே இந்த வரி வெவ்வேறு ஆட்களின் வாயிலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். எல்லோருக்கும் மரங்கள் நிற்கும் அமைதியான தெரு வேண்டும், அந்தத் தெருவில் வேறு யாரும் இருக்கக்கூடாது. சரி, எதற்குத் தெரு? காட்டுக்குள் போய்க் கட்டிக்கொள்ளலாமே.

வண்டிகள் குறைந்த தெருவில் என்ன நடக்கிறது என்பதை ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர், நகரமைப்புப் பேராசிரியர். 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் பக்கம்பக்கமாக இருந்த மூன்று குடியிருப்புத் தெருக்களை எடுத்துக்கொண்டார். வீடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி. வித்தியாசம் போக்குவரத்தில்தான். ஒன்றில் நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. ஒவ்வொரு வீட்டிலும் போய், இந்தத் தெருவில் உங்களுக்கு நண்பர்கள் எத்தனை பேர், முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள், ஆறு பேருக்கு மேல் அறிமுகம். வண்டி நிறைந்த தெருவில் ஒரு நண்பர்கூட முழுதாக இல்லை, 0.9. அறிமுகமானவர்கள் மூன்று பேர்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் கேட்ட இன்னொரு கேள்வி. தெருவின் படத்தைக் கையில் கொடுத்து, ‘இதில் உங்கள் இடம் எதுவரை?’ என்று வரைந்து காட்டச் சொன்னார். பெருஞ்சாலைபோல வண்டி ஓடிய தெருவில் இருந்தவர்கள் தங்கள் கட்டிடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள். சிலர் தங்கள் அறைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். வண்டி குறைந்த தெருக்காரர்களோ நடைபாதை, எதிர்ச்சாரி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். முழுத்தெருவும் அவர்களுடையது.

உடனே ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. குழந்தை குட்டி உள்ளவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், பழகும் குணம் உள்ளவர்கள் ஏற்கெனவே அமைதியான தெருவைத் தேடிப் போய்விட்டிருக்கலாமே? இருக்கலாம். ஆப்பிள்யார்டின் தெருக்களிலும் அப்படி ஒரு சாய்வு இருக்கத்தான் செய்தது. ஆனால் 2008ல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்தில் இதே ஆய்வைத் திரும்பச் செய்தபோதும் போக்கு மாறவில்லை.

இப்போது உங்கள் காதுக்கு வருகிறேன். ஒலிக்கு ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. அதே வேகத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் இரைச்சல் இரண்டு மடங்காவதில்லை, 3 டெசிபல்தான் ஏறும். காது அதை ‘கொஞ்சம் கூடியிருக்கிறதோ’ என்று சந்தேகப்படும், அவ்வளவுதான். 10 டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியானதுபோல இருக்கும். ஆகவே 16,000 வண்டிகள் 2,000 ஆகக் குறைந்தாலும் குறைவது 9 டெசிபல். காதுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதிச் சத்தம். ஆனால் வண்டி நிறைந்த தெருவைவிட வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு நண்பர்கள் மூன்று மடங்குக்கு மேல் இருந்தார்கள், அறிமுகமானவர்கள் இரண்டு மடங்கு! அமைதியான தெருவில் இருப்பதன் பெரிய லாபம் காதுக்கு உள்ளதல்ல. நீங்கள் முழு விலையும் கொடுத்து அந்த வீட்டை வாங்கி, சின்ன லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெரியதைத் தெருவிலேயே விட்டுவிடப் போகிறீர்கள்.

தூக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018ல் ஐரோப்பாவுக்கு வகுத்த வழிகாட்டுதலில், சாலையிலிருந்து வரும் இரவு இரைச்சல் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது. பெருஞ்சாலையோரத்தில் இத்தனை ஆண்டு படுத்து எழுந்த உங்களுக்கு ஓய்வு வேண்டும்தான். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. நன்றாகத் தூங்குங்கள். காலையில் எழுந்து கதவைத் திறங்கள் என்கிறேன்.

உங்கள் அப்பாவுக்காக இன்னும் ஒன்று. 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் கடும் வெப்ப அலை. 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனித்து வாழும் முதியவர்களும் அதிகம். ஆனால் ஒன்றில் மரண விகிதம் மற்றதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. குறைவாக இறந்த பகுதியில் நடைபாதைகளில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருந்தது, வயதானவர்கள் வெளியே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மற்றதில் வீடுகள் காலியாகி, தெரு வெறிச்சோடி, பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கதவைத்தான் சாத்தினார்கள் ர.

இனி உங்கள் எதிர்வீட்டுக்காரர். அவரைப் பற்றிப் படித்ததும் எனக்கு எங்கள் எதிர்வீட்டுக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார். நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்ததும் அடைபட்ட தெருதான். ஓய்வுபெற்றவர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குடிபோன முதல் வாரத்திலேயே எங்களைக் கரைத்துக் குடித்துவிட்டார். என் வருமானம், எழுத்தில் என்ன கிடைக்கும், அப்பா எந்த அலுவலகத்தில் கணக்கர், எந்தப் பிரிவு, மேலதிகாரி யார் என்று எல்லாம். அப்புறம் எங்கள் தண்ணீர் மோட்டார் விடிகாலையில் போடும் சத்தத்தில் சண்டை வந்தது. அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்கு வசதியாகப் போயிற்று.

அப்பாவுக்கு மறதி முற்றிய காலம் அது. ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் கவனிக்காத நேரத்தில், சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, குடையும் ஒரு பழைய கோப்புமாக ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். ஓய்வுபெற்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தெரு முடிந்தால் லாரி ஓடும் சாலை. எதிர்வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து போய் வழிமறித்திருக்கிறார். கையைப் பிடித்து இழுக்கவில்லை. ‘எங்கே போறீங்க, வீட்டுக்குப் போங்க’ என்று அதட்டவில்லை. அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, மேலதிகாரியின் பெயரையும் சொல்லி, ‘அவர் ஊரில் இல்லை சார். இன்னைக்கு ஆபீஸ் லீவு’ என்றிருக்கிறார்.

அப்பா யோசித்தாராம். ‘முழு நாளா, அரை நாளா?’

‘முழு நாள் சார்.’

அப்பா நிம்மதியாகத் திரும்பி நடந்தார். கேட்டு வரை கொண்டுவந்து விட்டு, மணியை அடித்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் போய்விட்டார். மோட்டார் சண்டை மோட்டார் சண்டையாகவே இருந்தது. நான் நன்றி சொன்னபோதும் ‘உம்’ என்றார், அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் அப்பா வெளியே கிளம்பிய ஒவ்வொரு தடவையும் தெருவில் யாராவது லீவு விட்டார்கள். பந்து விளையாடும் பையன்கள்கூட ‘தாத்தா, இன்னைக்கு லீவு’ என்பார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

எங்கள்மேல் அவருக்குப் பிரியம் இருந்தது என்றெல்லாம் கதை கட்டமாட்டேன். இல்லை. எனக்கும் அவரைப் பிடிக்காது. அவரிடம் இருந்ததெல்லாம் தகவல். அப்பா எந்த அலுவலகத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது, வம்பளக்கும் அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நல்ல மனம் படைத்த வழிப்போக்கரும் அன்று அப்பாவைத் திருப்பியிருக்க முடியாது. சத்தம் போட்டிருப்பார், அப்பா மிரண்டு சாலைக்குள் இறங்கியிருப்பார். நீங்களோ அப்பாவின் உத்தியோகம் என்ன என்று ஒருவர் கேட்டதற்காக ஒரு வீட்டையே வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறீர்கள்.

உங்கள் மனைவியின் கோபத்தை மட்டும் நான் தள்ளிவிடமாட்டேன். ‘ஏன் ஒரே குழந்தை’ என்பது கேட்கக்கூடாத கேள்வி. தெருவின் பார்வை ஆண்கள்மேல் விழுவதைவிடப் பெண்கள்மேல்தான் அதிகம் விழும். எப்போது வந்தாள், யாரோடு வந்தாள் என்பதெல்லாம் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் கணக்கெடுக்கப்படும். வளர்ந்தபிறகு உங்கள் மகளுக்கும் அதே கணக்கு உண்டு. அதற்கு வழி, பதில் சொல்லவேண்டியதைச் சொல்லி, சொல்லக்கூடாததற்கு ‘அது எங்க விஷயம் சார்’ என்று சிரித்தபடி முதல் நாளே சொல்லிவிடுவது. அதை மனைவி தலையில் கட்டாமல் நீங்கள் சொல்லவேண்டும். அன்றைக்கு அவர் முகம் சுண்டியபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

வாங்கலாமா என்றுதானே கேட்டீர்கள்? அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு இன்னும் ஒரு முறை போங்கள், ஆனால் வேலைநாளில், மாலை இருட்டும் நேரத்தில். நீங்கள் போன மூன்று முறையும் அநேகமாக விடுமுறை நாளின் முற்பகலாக இருக்கும், வீடு காட்டுபவர்களுக்கு வசதியான நேரம் அது. அந்த நேரத்தில் எந்தத் தெருவும் ஆளில்லாமல்தான் கிடக்கும். மாலையிலும் ஒரு குழந்தைகூட வெளியே வரவில்லை என்றால் எனக்கும் தயக்கம்தான். தெருவைப் பற்றி விசாரிப்பதானால் அங்கே வாடகைக்கு இருப்பவர்களிடம் விசாரியுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் தெருவைக் குறை சொல்லமாட்டார்கள், சொன்னால் அவர்கள் வீட்டு மதிப்பும் அல்லவா இறங்கும்.

பயண நேரம் பற்றி: ஸ்டட்சர், ஃப்ரை என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் தகவல்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நீண்ட தூரம் வேலைக்குப் போய்வருபவர்கள், நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டும் என்று நம்பினாலும், வாழ்க்கையில் திருப்தி குறைந்தவர்களாகவே இருந்தார்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி படுக்கையைக் கட்டும் முன் ஒரு வாரமாவது அந்தப் புறநகரிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். தெருவின் ஒரு முனை அடைபட்டிருக்கிறது என்கிறீர்கள். எதனால் அடைபட்டிருக்கிறது? வகுத்தவர்களே அப்படி வகுத்தார்களா, அல்லது அப்பால் உள்ள நிலம் இன்னும் மனையாகவில்லை என்பதால் இப்போதைக்கு நிற்கிறதா? இரண்டாவது என்றால், அந்த நிலம் மனையான அன்று உங்கள் முட்டுச்சந்து குறுக்குவழியாகிவிடும். வரைபடச் செயலிகள் நெரிசலைத் தவிர்க்க வண்டிகளை உள்தெருக்களில் திருப்பிவிட்டதால், 2018ல் அமெரிக்காவில் லியோனியா என்ற சிற்றூர், நெரிசல் நேரத்தில் தன் உள்தெருக்களை வெளியாட்களுக்கு மூடவேண்டி வந்தது. அங்கே சட்டம் போட்டு மூடினார்கள், உங்களுக்காக யார் மூடுவார்கள்? மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி, தெரு அந்த இடத்தோடு முடிகிறதா, கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள். வரைபடத்தைக் காட்ட மழுப்பினால் வேறு வீடு பாருங்கள்.

அன்புடன்