வாசகர் கேள்வி: முதல் மீட்டிங்குக்குப் போகப் பயமாக இருக்கிறது

கேள்வி: குடியை விட வேண்டும் என்று பலமுறை தனியாக முயன்றுவிட்டேன், கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கிறது, அப்புறம் பழைய கதைதான். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற குழு) மீட்டிங்குக்குப் போ என்கிறார்கள். எங்கே தேடுவது? எல்லார் முன்னாலும் எழுந்து என் கதையைச் சொல்ல வேண்டுமா? தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால்? (பெயர் வேண்டாம்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், வாசல் வரை வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அதுதான். தெரிந்தவர் அங்கே இருந்தால், அநேகமாக உங்களைப் போலவே ஒரு காரணத்தோடுதான் அவரும் வந்திருப்பார், உங்களைப் பார்த்து அவருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். முழுப்பெயர் யாரும் கேட்பதில்லை, அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம். ஆனால் இது சட்டம் காக்கிற ரகசியம் இல்லை, பரஸ்பர மரியாதை காக்கிற ரகசியம். அதனால் வழக்கு, வேலை மாதிரி சிக்கலான சமாச்சாரங்களை முதல் நாளே கொட்டிவிடாதீர்கள்.

மீட்டிங்குக்கு முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடிக்கிறவராக இருந்தால், ஒரேயடியாக நிறுத்துவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். கை நடுக்கம், வியர்வை என்று ஆரம்பித்து, முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பின் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதற்கு மருந்து இருக்கிறது, மன உறுதி மருந்தாகாது. மீட்டிங் இந்தச் சிகிச்சைக்கு மாற்று இல்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

சரி, தேடுவது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் குடியால் நொந்த இரண்டு பேர் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது, இன்று ஏராளமான நாடுகளில் குழுக்கள் இருக்கின்றன. அவர்களுடைய இணையதளத்திலும் ‘மீட்டிங் கைடு’ என்கிற செயலியிலும் இடம், நேரம் பார்க்கலாம். பட்டியல் சில சமயம் பழசாகிப்போயிருக்கும், அதனால் தொடர்பு எண் இருந்தால் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள், எதிர்முனையில் பேசுகிறவரும் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்டவராகத்தான் இருப்பார், தயங்கித் தயங்கிப் பேசினாலும் புரிந்துகொள்வார். ‘ஓப்பன்’ என்று போட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம், ‘குளோஸ்டு’ என்றால் குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்கு இரண்டுமே சரிதான். நேரில் போகத் துணிச்சல் வரவில்லையா, ஆன்லைன் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், ஒன்றும் பெரிதாக நடக்காது. நாற்காலிகள், மேஜையில் சில துண்டுப்பிரசுரங்கள், ஒருவர் ஆரம்ப வாசகத்தைப் படிப்பார். “இன்று முதல்முறையாக வந்தவர்கள் இருக்கிறீர்களா?” என்று கேட்பார்கள், நெஞ்சு படபடக்கிற இடம் அதுதான், கை தூக்கினாலும் சரி தூக்காவிட்டாலும் சரி. அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது நடுவில் அறிவுரை சொல்வது, குறுக்குக் கேள்வி கேட்பதெல்லாம் பொதுவாகக் கிடையாது. உங்கள் முறை வந்தால் “நான் இன்று கேட்டுக்கொள்கிறேன்” என்று சொன்னால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். கட்டணம் இல்லை. செலவுக்காக ஒரு பையோ பெட்டியோ சுற்றி வரும், புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நேற்று குடித்திருந்தாலும் அந்த விருப்பம் இருந்தால் போகலாம்.

என் அபிப்பிராயம், முடிந்ததும் உடனே ஓடி வந்துவிடாதீர்கள், பாதி விஷயம் அதற்கப்புறம் வாசலில் நின்று பேசுகிறபோதுதான் நடக்கிறது. யாராவது போன் நம்பர் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குடிக்கத் தோன்றுகிற நேரத்தில், கிளாஸை எடுப்பதற்கு முன்னால் கூப்பிடத்தான் அது. முதல் குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அங்கே பிரார்த்தனை எல்லாம் உண்டாமே? (இன்னொரு வாசகர்)

பதில்: உண்டு, பல குழுக்களில். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, ஆனால் அதை அவரவர் புரிந்துகொண்டபடி என்றுதான் எழுதியிருக்கிறார்கள், குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிற நாத்திகர்களும் இருக்கிறார்கள். அதுவும் உறுத்தினால் ‘ஸ்மார்ட் ரெக்கவரி’ பாருங்கள், 1994இலிருந்து இயங்குகிறது. ஆன்மிகம் இல்லை, குடிக்கத் தூண்டும் எண்ணங்களை எப்படிக் கையாள்வது என்கிற பயிற்சிதான். ஆன்லைனிலும் நடத்துகிறார்கள்.

கேள்வி: கணவர் வரவே மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது? (ஒரு மனைவி)

பதில்: நீங்கள் போங்கள் அம்மா. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ இருக்கிறது, 1951இல் தொடங்கியது, அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் அங்கே போகலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ‘அலாட்டீன்’ தனியாக உண்டு. அவர் பாட்டிலை ஒளித்து வைப்பதும் அவருக்காக ஆபீசுக்குப் பொய் சொல்வதும் எவ்வளவு நாளாக நடக்கிறதோ, அதைப் பற்றிப் பேச உங்களுக்கு ஓர் இடம் வேண்டும். அவரிடம் ஒரே ஒருமுறை, காலையில் தெளிவாக இருக்கும்போது, மீட்டிங் நடக்கிற இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். இரவில் குடித்துவிட்டு வந்து நிற்கும்போது சொல்லாதீர்கள், அது சண்டையில்தான் முடியும்.