மெல்லிசைக் கோஷ்டியின் பின்வரிசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எழுபதுகளில் என் தந்தையார் கொழும்பில் ஒரு மெல்லிசைக் கோஷ்டியில் பொங்கோஸ் வாசித்தார். கசெற்றும் இல்லாமல், ஸ்வரம் எழுதிய தாளும் இல்லாமல் சினிமாப் பாடல்களை எவ்வாறு மேடையில் வாசித்தீர்கள்? நீங்களும் அக்காலத்தில் கோஷ்டி ஒன்றில் இருந்ததாக அறிந்து கேட்கிறேன், ஐயா.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்மைதான் அம்மா. நான் மெண்டலின் வாசித்தேன். பாஸ் கிற்றார்காரர் வராத நாட்களில் அதையும் கையில் எடுத்தேன். எங்களுக்கு வாத்தியாராக இருந்தது வானொலிதான். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழகத்திலும் விரும்பிக் கேட்ட காலம் அது. புதிய பாடல் ஒன்று எப்போது ஒலிபரப்பாகும் என்று சொல்ல முடியாது. ஒலிபரப்பானாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். திருப்பிக் கேட்க வழியில்லை. ஆகவே வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். பாடகர் ஒரு தடவை முதலாம், மூன்றாம், ஐந்தாம் வரிகளை எழுதிக்கொள்வார். மறுதடவை அந்தப் பாட்டு வரும்போது விடுபட்ட வரிகளை எழுதுவார். ஓர்கன்காரர் ஆரம்ப இசையை மட்டும் கவனிப்பார், இடையிசை என் பொறுப்பு, உங்கள் தந்தையாரைப் போன்றவர்கள் தாளநடையையும் சரணத்துக்குள் நுழையும் இடத்தில் விழும் உருட்டலையும் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு முடிந்தவுடன் ஒருவரும் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். அவரவர் பிடித்ததை வாய்க்குள் முணுமுணுத்தபடியே கருவியைத் தேடிப் போவோம். பிடிபடாத இடங்களைச் சொந்த இசையால் நிரப்பினோம். அதனால்தான் ஒரே பாட்டுக்குக் கொட்டாஞ்சேனைக் கோஷ்டி ஓர் இடையிசையும் பம்பலப்பிட்டிக் கோஷ்டி வேறோர் இடையிசையும் வாசித்தன.

1976 இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்த பின்னர் இந்த முறை போதாமற்போகத் தொடங்கியது. அவருடைய பாடல்களில் பாஸ் கிற்றார் பாட்டின் அடியில் தனக்கென்று ஒரு வழியில் நடந்தது. அதை ஒரு தடவை கேட்டுப் பிடிப்பது எங்களால் ஆகிற காரியமாக இல்லை. நல்ல வேளையாக 1977 இன் இறுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, கசெற் ரெக்கோடர்கள் தாராளமாக வரத் தொடங்கின. கசெற் வந்ததால் எங்கள் காது மழுங்கிப்போனது என்று பழையவர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருப்பித் திருப்பிக் கேட்க முடிந்த பிறகுதான், பாட்டுக்குள் இத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு முந்திய தட்டுப்பாட்டுக் காலத்தில் கிற்றார் தந்தி கிடைப்பதே பெரும்பாடு. ஓசை மங்கிய பாஸ் தந்திகளைக் கழற்றி, கொதிநீரில் போட்டு, வியர்வைப் பிசுக்கும் அழுக்கும் கழன்ற பின் துடைத்து உலர்த்தி மீண்டும் பூட்டுவோம். சில கச்சேரிகளுக்குத் துலக்கமான ஓசை வரும். பிறகு மறுபடியும் அடுப்பு.

கேள்வி: ஈழத்துப் பொப் பாடல்கள் சிங்கள ஆட்டப்பாட்டான பைலாவின் தமிழ் நகல்தானே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: துள்ளல் அங்கிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது. போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாக, அவர்களோடு வந்த ஆபிரிக்கர்களின் இசையும் கலந்து இங்கே வேர்விட்டது பைலா. ஆனால் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அந்தத் துள்ளலுக்குள் நம்முடைய பேச்சையும் கேலியையும் கொண்டுவந்தார்கள். ‘சின்ன மாமியே’யைக் கேட்பவர் அதில் யாழ்ப்பாணத்து முற்றத்தைத்தான் காண்பார். வாசிப்பவருக்கு அது எளிதாகவும் இருக்கவில்லை. எட்டில் ஆறு என்ற அந்தத் தாளத்தை, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் பழகிய எங்கள் தபேலாக்காரர் கணக்குப் பிசகாமல் வாசிப்பார். ஆயினும் சபையில் ஒருவருக்கும் கால் அசையாது. பைலாவை நடத்துவது உண்மையில் கிற்றார்காரரின் வலது கை. அது சரியாக விழுந்தால், அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்த பெரியவர்களும் எழுந்துவிடுவார்கள். பிறகு நிறுத்துவதற்கு மண்டபக் காவலாளிதான் வந்து விளக்கை அணைக்க வேண்டும்.

கேள்வி: கோஷ்டியில் வாசித்து எவ்வளவு சம்பாதித்தீர்கள்?
– வாசகர், தெஹிவளை

பதில்: ஒலிபெருக்கிக்காரருக்கும் வாகனத்துக்கும் கொடுத்தது போக மிஞ்சியது பெரும்பாலும் கல்யாணப் பந்தியின் கடைசி வரிசைச் சாப்பாடுதான். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருந்தது.

கேள்வி: இத்தனை கோஷ்டிகள் இருந்த கொழும்பில் அவை ஏன் மறைந்தன? மின்னியல் கீபோட் வந்ததுதான் காரணம் என்கிறார்களே?
– வாசகி, வத்தளை

பதில்: கீபோட் மேல் பழியைப் போடுவது வசதியாக இருக்கிறது. தாளத்தையும் பாஸையும் ஒரே பெட்டி தரும்போது நான்கு பேரின் செலவு மிச்சம் என்று கல்யாண வீட்டார் எண்ணியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே கோஷ்டிகளின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. 1983 ஜூலையில் வீடுகள் எரிந்தபோது பலருடைய கருவிகளும் அவற்றோடு எரிந்தன; அடுத்த ஆண்டுகளில் வாசித்தவர்கள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கோஷ்டி என்றால் ஆறேழு பேர் வாரந்தோறும் ஒரே மாலையில் ஒரே அறையில் கூட வேண்டும். சோதனைச் சாவடிகளைத் தாண்டி, அடையாள அட்டையைக் காட்டி, தோளில் தொங்கும் நீண்ட பெட்டியைத் திறந்து அது கிற்றார்தான் என்று நிரூபித்து, ஒத்திகை முடிந்து இரவில் வீடு திரும்புவது என்பது எவரும் விரும்பிச் செய்யக்கூடிய காரியமாக இருக்கவில்லை. ஒத்திகை நின்றபின் கோஷ்டி என்ற பெயர் மட்டும் சிறிது காலம் அழைப்பிதழ்களில் இருந்தது.

கேள்வி: அப்பாவின் கோஷ்டி வாசித்த பழைய கசெற் ஒன்றும், மேடையில் எடுத்த படம் ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கசெற்றின் மேல் விளிம்பில் இரு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும்; முதலில் அவற்றை உடைத்துவிடுங்கள், பிறகு எவரும் கைதவறி அதன்மேல் பதிய முடியாது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். நாடாவை ஒருமுறை முழுவதுமாக முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிய பின்பே வாசிக்கவிட்டு, அப்போதே கணினியில் பதிவுசெய்யுங்கள். அப்பா அருகில் இருக்கட்டும். எந்தக் கருவியை யார் வாசித்தது என்று அவர் சொல்வதைக் கைபேசியில் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். படத்தின் பின்புறத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.