வகுப்பறையில் இணையக் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கும் ஆசிரியருக்கு என்ன சொல்வீர்கள்?

கேள்வி கேட்டவர் இந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்திருக்கிறார். பயிற்சியில் கொடுத்த பதினைந்து செயலிகளின் பட்டியல் கையில் இருக்கிறதாம், எதில் தொடங்குவது என்று தெரியவில்லையாம்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினெட்டு வருடமாகிறது. அந்தப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். உங்கள் பாடத்தில் பிள்ளைகள் வருடா வருடம் தடுமாறுகிற ஓர் இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் இடத்துக்கு என்ன உதவும் என்று அப்புறம் தேடுங்கள்.

என் வகுப்பில் அந்த இடம் தசமம். 0.35, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் முன்வரிசையில் நாலு பேர் "0.5 டீச்சர்" என்பார்கள், மற்றவர்களும் கூடச் சேர்ந்து கத்துவார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நானும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் உண்மை தெரியும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் பிளிக்கர்ஸ் என்ற கருவியைக் காட்டினார். பிள்ளைகளிடம் போனோ கணினியோ வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் சதுரம் சதுரமாக ஒரு கறுப்பு உருவம். நாலு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த விடை சரி என்று நினைக்கிறார்களோ அந்த எழுத்து மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நாம் நம் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். எழுத்து சிறியது, ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு. அதனால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துத் திருப்ப முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அட்டைகளைப் பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது.

முதல் நாள் அதே தசமக் கேள்வியைப் போட்டேன். பாதிக்கு மேல் 0.35! நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்டதற்கு, எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன், "முப்பத்தஞ்சு அஞ்சை விடப் பெருசுதானே டீச்சர்" என்றான். எவ்வளவு நியாயமான தவறு! இத்தனை வருடமாக அந்தத் தவறின் மேலேயே நின்று நான் அடுத்த பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது எனக்கு வலித்தது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் தன் வகுப்பில் கடைப்பிடித்துப் பரப்பிய முறை ஒன்று உண்டு. கேள்வி கேட்டு, ஒவ்வொருவரையும் தனியாக விடை சொல்லவைத்து, பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதாடவிட்டு, அதே கேள்விக்கு மறுபடி விடை வாங்குவது. நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று நிமிடம் வகுப்பில் ஒரே சத்தம். ஒரு பிள்ளை, "அரை மீட்டர் ரிப்பன் நீளமா, முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் ரிப்பன் நீளமா?" என்று பக்கத்துப் பிள்ளையை மடக்கினாள். எனக்குக்கூட அந்த உதாரணம் தோன்றியிருக்காது. இரண்டாம் முறை அட்டையைத் தூக்கியபோது ஐந்தாறு பேர்தான் 0.35இல் இருந்தார்கள். அவர்களைத் தனியாக உட்காரவைத்து எண்கோடு போட்டுக் காட்டினேன்.

அடுத்து எனக்குக் கைகொடுத்தது, திரையில் வடிவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா என்ற கணக்குச் செயலி, சமச்சீர்த் தன்மை பாடத்தில். எங்கள் பிள்ளைகளுக்குச் சமச்சீரைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. வளவு வைத்த வீடு, கல்யாண மண்டபம், எங்கு போனாலும் காலடியில் பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல். ஆளுக்கொரு படம் எடுத்து வரச் சொன்னேன். படத்தைத் திரையில் ஏற்றி, நடுவில் ஒரு கோடு வரைந்து, பாதிப் பூவின் மேல் புள்ளிகள் வைத்து எதிரொளித்தால் மறுபாதியில் வந்து உட்கார வேண்டும். தொண்ணூறு பாகை சுழற்றினால் இதழ் மேல் இதழ் விழ வேண்டும்.

ஒரு கல்லில் விழவில்லை. ஓர் இதழ் லேசாக விலகி நின்றது. கருவியில்தான் கோளாறு என்று வகுப்பு முடிவுகட்டும்போது, ஆத்தங்குடிப் பட்டறையில் அப்பா வேலை பார்க்கும் ஒரு பிள்ளை எழுந்தாள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாக நிறக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டுத்தான் மேலே சிமெண்டும் மணலும் போடுவார்கள், "தூக்குறப்ப கை அசைஞ்சா நிறம் ஓடிரும் டீச்சர்" என்றாள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் பிறகு தரையின் மேல்பக்கம், அதனால்தான் அந்த மினுமினுப்பு என்பதையும் அவளே சொன்னாள். மிச்ச நேரம் முழுவதும் அவளுடைய வகுப்பு. கணக்குப் பாடத்தில் அதுவரை அவள் ஒரு கேள்விக்கும் கை தூக்கியதில்லை.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். நெட் போகும். எனக்கு ஒரு பாடவேளை முழுக்க வட்டம் சுற்றுவதைப் பார்த்தே போயிருக்கிறது. அதனால் முடிந்ததை எல்லாம் முதல் நாளே இறக்கி வையுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் உள்ள பாவனைகளை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளை, தனித்தனிக் கோப்பாக இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும், சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. எங்கள் அறிவியல் ஆசிரியர் அதில் மின்சுற்றுப் பாடம் நடத்துவார். குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் மின்கலம் தீப்பிடிப்பதைத் திரையில் காட்டிவிட்டு, அப்புறம் நிஜ பல்பையும் கம்பியையும் கையில் கொடுப்பார். அந்த இரண்டாவது பாதியை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

கஹூட் என்ற வினாடி வினா ஆட்டம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வழக்கமான ஆட்டத்தில் வேகமாகச் சொன்னவருக்கு அதிகப் புள்ளி. நிதானமாக யோசிக்கிற பிள்ளை கீழேயே கிடக்கும். நான் அதைப் பாடம் முடிந்த வெள்ளிக்கிழமைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளின் முழுப்பெயர், படம், பெற்றோரின் போன் எண் எதையும் எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வரிசை எண் போதும், பிளிக்கர்ஸ் அட்டைக்கு அதுவே வசதி.

முதல் வாரம் ஒரே ஒரு கேள்வி போதும். ஆனால் அந்தக் கேள்வியின் தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். போன வருடத் தாள்களை எடுத்துப் பாருங்கள். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு என் பிள்ளைகள் எழுதியவை 2/5, 2/6, 1/6. இந்த மூன்றோடு 5/6ஐயும் சேர்த்தால் உங்கள் ஏ, பி, சி, டி தயார்.